பரிசு கொடுப்போம், குப்பை கொடுக்க வேண்டாம்



இன்றைய பேச்சு பரிசு பற்றியது.

விசேஷ வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்பது நம் வழக்கம். காதுகுத்து, கலியாணம், வளைகாப்பு, புதுமனை புகுவிழா என்று எதுவாக இருந்தாலும் கையில் ஏதாவது கொண்டு போகிறோம். இல்லாதவர்கள்கூட இருப்பதைக் கொடுக்கிறார்கள். "உங்கள் வீட்டு நல்லது எங்களுக்கும் நல்லது" என்று சொல்லாமல் சொல்வதுதான் பரிசு. அந்த வழக்கம் வாழ வேண்டும்.

ஆனால் என்ன பரிசு கொடுக்கிறோம் என்பதைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

மறுநாள் காலை

விசேஷம் முடிந்த மறுநாள் காலையில் அந்த வீட்டின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். அங்கே ஒரு குவியல் கிடக்கும். பளபளக்கும் ஜிகினாத்தாள் கிடக்கும். பிளாஸ்டிக் நாடா, தெர்மோகோல் அட்டை, பூச்செண்டைச் சுற்றியிருந்த கண்ணாடித்தாள் எல்லாம் கிடக்கும். பரிசு உள்ளே போய்விட்டது. உறை வெளியே வந்துவிட்டது.

இந்தக் குவியல் எங்கே போகும்? காற்றில் பறந்து சாக்கடையில் விழும். சாக்கடை அடைத்துக்கொள்ளும். மழை பெய்தால் தண்ணீர் தெருவுக்கு வரும். கொசு பெருகும். "சரி, கொளுத்திவிடலாம்" என்று தீ வைப்பார்கள். அந்தப் புகை நஞ்சு. முதலில் அதைச் சுவாசிப்பது பக்கத்தில் விளையாடும் நம் குழந்தைதான்.

மாடு என்ன செய்யும்? பையில் ஒட்டியிருக்கும் சோற்றுக்காகப் பையோடு சேர்த்து விழுங்கும். பிளாஸ்டிக் அதன் வயிற்றில் செரிக்காது. சாணத்தோடும் முழுதாக வெளியே வராது. உள்ளேயே சேர்ந்து பந்தாகத் திரளும். மாடு தீவனம் எடுக்காது. வயிறு உப்பும். கால்நடை மருத்துவர்கள் மாட்டின் வயிற்றை அறுத்துக் கிலோக் கணக்கில் பிளாஸ்டிக்கை எடுத்திருக்கிறார்கள். மருத்துவரிடம் கொண்டு போகாத மாடு செத்துப் போகிறது. ஒரு கறவை மாடு செத்தால் ஒரு குடும்பத்தின் வருமானமே போகிறது.

யாரும் கெட்ட எண்ணத்தோடு கொடுக்கவில்லை. அன்பாகத்தான் கொடுத்தார்கள். ஆனாலும் இந்தச் சங்கடம் வந்து சேர்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

2022 ஜூலை 1 முதல், ஒரே தடவை பயன்படுத்தித் தூக்கி எறியும் சில பிளாஸ்டிக் பொருள்களுக்கு நாடு முழுவதும் தடை இருக்கிறது. அவற்றைச் செய்யக் கூடாது, விற்கக் கூடாது, பயன்படுத்தக் கூடாது. அந்தப் பட்டியலில் விசேஷ வீட்டுப் பொருள்கள் பல இருக்கின்றன. பிளாஸ்டிக் தட்டு, குவளை, கரண்டி இருக்கின்றன. பலூன் கட்டும் பிளாஸ்டிக் குச்சி இருக்கிறது. அலங்காரத்துக்கு வைக்கும் தெர்மோகோல் இருக்கிறது. இனிப்புப் பெட்டி மேலும் அழைப்பிதழ் மேலும் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாளும் இருக்கிறது.

கடைக்காரர் இனிப்புப் பெட்டியை அப்படிச் சுற்றிக் கொடுத்தால், "வேண்டாம் அண்ணே, நூல் கட்டிக் கொடுங்கள்" என்று சொல்லலாம். அப்படிக் கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு.

ஜிகினாத்தாள் காகிதமா, பிளாஸ்டிக்கா என்று சந்தேகமா? கையால் நன்றாகக் கசக்குங்கள். பிறகு விடுங்கள். கசங்கியபடியே இருந்தால் அது பெரும்பாலும் காகிதம். தானாக விரிந்துகொண்டால் அதில் பிளாஸ்டிக் இருக்கிறது.

வாங்கும் முன் மூன்று கேள்வி

பரிசு வாங்கக் கடைக்குப் போகிறோம். காசு கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேட்டுக்கொள்வோம்.

முதல் கேள்வி: இது எதனால் செய்தது?
இரண்டாம் கேள்வி: இது எத்தனை நாள் உழைக்கும்?
மூன்றாம் கேள்வி: உழைத்து ஓய்ந்த பிறகு எங்கே போகும்?

ஒரு பிளாஸ்டிக் பூங்கொத்தை எடுத்துக்கொள்வோம். வாங்கிய அன்று அழகாக இருக்கும். ஆறு மாதத்தில் தூசி படியும், நிறம் மங்கும். பிறகு குப்பைதான். மண்ணில் போட்டாலும் மக்காது.

ஓர் எவர்சில்வர் தூக்குவாளியை எடுத்துக்கொள்வோம். அதில் பெயரும் தேதியும் வெட்டிக் கொடுக்கிறோம். இருபது வருடம் கழித்தும் அந்த வாளியில் பால் வாங்குகிறார்கள். "இது இன்னார் செய்தது" என்று பெயரைப் படித்துச் சொல்கிறார்கள். ஓட்டை விழுந்தால்கூடப் பழைய பாத்திரக்காரர் எடை போட்டு எடுத்துக்கொள்வார். உருக்கி மறுபடி பாத்திரம் ஆக்கலாம்.

இன்னொரு விஷயம். ஒரே கலியாணத்தில் ஐந்து சுவர்க்கடிகாரம் வந்து சேர்வது உண்டு. வீட்டில் சுவரோ ஒன்றுதான். "உங்களுக்கு என்ன தேவை?" என்று முன்னாலேயே கேட்பதில் தப்பில்லை. நெருங்கிய உறவிடம் கேட்கலாம். பத்துப் பேர் சேர்ந்து ஒரு குக்கர் வாங்கலாம். மொய்யாகப் பணம் எழுதினாலும் நல்லதுதான். அது வீண் ஆவதில்லை.

கடன் வாங்கிப் பெரிய பெட்டியாகக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். "ஊர் என்ன சொல்லும்?" என்ற பயம் அவர்களுக்கு. ஊர் ஒரு நாள் பேசும். வட்டியை நாம்தான் மாதா மாதம் கட்ட வேண்டும்.

காந்தியடிகள் கொடுத்த பரிசு

1947ஆம் ஆண்டு நவம்பர் மாதம் இங்கிலாந்து நாட்டு இளவரசி எலிசபெத்துக்குக் கலியாணம் நடந்தது. உலகம் எங்கிருந்தும் பரிசுகள் வந்தன. தங்கம் வந்தது, வைரம் வந்தது. காந்தியடிகளும் ஒரு பரிசு அனுப்பினார்.

அவர் கடைக்குப் போகவில்லை. தம் கையால் ராட்டையில் நூல் நூற்றார். அந்த நூலில் ஒரு சிறிய துணி பின்னப்பட்டது. அதன் நடுவே "ஜெய் ஹிந்த்" என்ற சொற்கள் இருந்தன.

அந்தத் துணி என்ன ஆயிற்று? இளவரசி பிறகு அரசி ஆனார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகும் அதைப் பத்திரமாக வைத்திருந்தார். இங்கிலாந்துக்குப் போன இந்தியப் பிரதமர் மோடியிடம் அதை எடுத்துக் காட்டினார்.

பருத்தி நூலுக்கு எவ்வளவு விலை இருக்கும்? கொஞ்சம்தான். ஆனால் கொடுத்தவர் தம் நேரத்தையும் உழைப்பையும் அதில் வைத்திருந்தார்.

சென்னபட்டணத்துப் பொம்மை

குழந்தைக்கு என்ன கொடுக்கலாம்? பெங்களூருக்கும் மைசூருக்கும் நடுவே சென்னபட்டணம் என்ற ஊர் இருக்கிறது. மரப்பொம்மைக்குப் பேர் போன ஊர். வெட்பாலை என்னும் மரத்தைக் கடைசல் இயந்திரத்தில் வைத்துக் கடைகிறார்கள். பொம்மை சுழலும்போதே அதன் மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்துகிறார்கள். உராய்வில் சூடு உண்டாகிறது. அரக்கு உருகி மரத்தில் ஒட்டிக்கொள்கிறது. தாழை ஓலையால் தேய்த்து மெருகு ஏற்றுகிறார்கள்.

மஞ்சளுக்கு மஞ்சள், நீலத்துக்கு அவுரி என்று செடியிலிருந்து எடுத்த சாயம் சேர்ப்பது இந்தத் தொழிலில் உண்டு. குழந்தை பொம்மையை வாயில் வைக்கும் அல்லவா? அதனால்தான் சாயம் முக்கியம். எல்லா மரப்பொம்மைக்கும் செடிச்சாயம் பூசுவதில்லை. கேட்டு வாங்க வேண்டும்.

சென்னபட்டணம் போக முடியாதவர்களுக்குப் பனை ஓலைக் கிலுகிலுப்பை இருக்கிறது. துணிப் பொம்மை இருக்கிறது. உள்ளூர்க் கைவினைஞரிடம் வாங்கினால் அந்தக் காசும் நம் பக்கத்திலேயே நிற்கும்.

கன்று கொடுத்தால் போதுமா?

இப்போது பல கலியாணங்களில் தாம்பூலப் பையோடு மரக்கன்று கொடுக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். பார்க்கவும் சந்தோஷமாக இருக்கிறது.

ஆனால் அந்தக் கன்று என்ன ஆகிறது? கன்றைக் கையில் பிடித்தபடி பஸ்ஸில் ஏறுகிறார் ஒருவர். வாடகை வீட்டில் இரண்டாவது மாடி. நட இடம் இல்லை. கன்று ஜன்னல் ஓரத்தில் நிற்கிறது. முதல் நாள் தண்ணீர் ஊற்றுகிறார்கள். மூன்றாம் நாள் மறந்துவிடுகிறார்கள். பத்தாம் நாள் அது காய்ந்த குச்சி.

ஆக, மரக்கன்று என்றாலே நல்ல பரிசு ஆகிவிடாது. யார் தண்ணீர் ஊற்றுவது என்று தெரிய வேண்டும். கொடுப்பது ஒரு நாள் வேலை. காப்பது பல வருட வேலை. இதைப் புரிந்துகொண்டு வழி கண்ட ஊர்கள் நம் நாட்டில் இருக்கின்றன. அவற்றைப் பற்றிக் கேளுங்கள்.

பிறந்த வீட்டு மரம்

வடக்கே இமயமலையில் உத்தராகண்ட் மாநிலம் இருக்கிறது. அதில் சமோலி ஒரு மாவட்டம். 1974இல் அந்த மாவட்டத்து ரேணி கிராமத்தில் மரம் வெட்ட ஆட்கள் வந்தார்கள். கௌரா தேவி என்ற தாயின் தலைமையில் பெண்கள் திரண்டு தடுத்தார்கள். மரத்தைக் கட்டிப் பிடித்துக் காக்கும் 'சிப்கோ' இயக்கம் உலகம் முழுவதும் பெயர் பெற்றது.

அதே சமோலி மாவட்டத்தில் குவால்தம் என்று ஓர் ஊர். கல்யாண் சிங் ராவத் அங்கே உயிரியல் ஆசிரியராக இருந்தார். ஒவ்வொரு வருடமும் கன்று நடுகிறார்கள். ஆனால் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் அவை காய்கின்றன. இதைக் கண்டு அவர் யோசித்தார். தன் பிள்ளை என்று யாராவது நினைத்தால்தான் கன்று பிழைக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

1995இல் அவர் 'மைத்தி' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். 'மைத்' என்றால் அந்த மலை மக்கள் பேச்சில் பெண்ணின் பிறந்த வீடு. 'மைத்தி' என்றால் பிறந்த வீட்டார்.

அதன் முறை இதுதான். கலியாணம் ஆகாத பெண்கள் ஊருக்கு ஊர் ஒரு குழுவாகச் சேர்வார்கள். கன்றுகளை வளர்த்து வைப்பார்கள். ஊரில் ஒரு பெண்ணுக்குக் கலியாணம் நடக்கும்போது மணமக்களிடம் ஒரு கன்றைக் கொடுப்பார்கள். மணமகனும் மணமகளும் சேர்ந்து அதைப் பெண்ணின் ஊரில் நடுவார்கள். மணமகன் அந்தப் பெண்களுக்குத் தன்னால் முடிந்த பணம் கொடுப்பார். மரம் வளர்க்கவும், ஏழைப் பெண்களின் படிப்புக்கும் அந்தப் பணம் பயன்படும்.

மணமகள் புகுந்த வீடு போய்விடுவாள். மரம் பிறந்த வீட்டில் இருக்கும். தாய் தினமும் அதைப் பார்க்கிறாள். தன் மகள் நட்ட மரம். அதை வாட விடுவாளா? தோழிகளும் பார்த்துக்கொள்கிறார்கள். மகள் தாய் வீடு வரும்போது முதலில் மரத்தைத்தான் பார்க்கப் போகிறாள்.

கலியாண அழைப்பிதழிலேயே மரம் நடும் சடங்கையும் அச்சிடும் அளவுக்கு அது வழக்கம் ஆயிற்று. மற்ற ஊர்களுக்கும் பரவியது. 2020இல் ராவத்துக்கு மத்திய அரசு பத்மஸ்ரீ விருது அறிவித்தது.

பெண் பிறந்தால் 111 மரம்

அடுத்து ராஜஸ்தான் மாநிலத்துக்குப் போவோம். ராஜ்சமந்த் மாவட்டத்தில் பிப்லாந்திரி என்று ஒரு கிராமம். சுற்றிலும் பளிங்குக்கல் சுரங்கங்கள். கல் வெட்டிய கழிவு மலை மலையாகக் குவிந்தது. பச்சை குறைந்தது. தண்ணீர் கீழே போனது.

2005இல் சியாம் சுந்தர் பாலிவால் அந்த ஊராட்சியின் தலைவர் ஆனார். அவருக்கு ஒரு துயரம் வந்தது. பதின்ம வயதில் இருந்த மகள் இறந்துபோனாள். மகளின் நினைவாக அவர் மரம் நட்டார். அதிலிருந்து ஊருக்கே ஒரு வழக்கம் பிறந்தது. ஊரில் எந்த வீட்டில் பெண் குழந்தை பிறந்தாலும் ஊரார் சேர்ந்து 111 மரக்கன்று நடுகிறார்கள்.

பெண் பிறந்தால் செலவு என்று முகம் சுளித்த காலம் ஒன்று உண்டு. அங்கே இப்போது பெண் பிறந்தால் ஊரே கூடுகிறது. வேம்பு, நெல்லி, மா என்று கன்று நடுகிறது.

மரத்தோடு இன்னொரு பரிசும் உண்டு. ஊரார் 21,000 ரூபாய் சேர்க்கிறார்கள். பெற்றோர் 10,000 ரூபாய் போடுகிறார்கள். மொத்தம் 31,000 ரூபாய் குழந்தையின் பேரில் வங்கியில் சேர்கிறது. அதற்குப் பெற்றோர் ஓர் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். "மகளைப் படிக்க வைப்போம். சட்டம் சொல்லும் வயதுக்கு முன் கலியாணம் செய்ய மாட்டோம். இந்த மரங்களைப் பார்த்துக்கொள்வோம்." இதுதான் உறுதிமொழியின் சாரம்.

கன்றுகளைக் கரையான் அரிக்காமல் இருக்கச் சுற்றிலும் சோற்றுக்கற்றாழை நட்டார்கள். கற்றாழை பெருகியது. பெண்கள் அதிலிருந்து சாறும் களிம்பும் செய்து விற்கிறார்கள். மழைநீரைத் தேக்கத் தடுப்பணைகளும் கட்டினார்கள். ரக்ஷாபந்தன் நாளில் பெண்கள் மரத்தை உடன்பிறப்பாக நினைத்து ராக்கிக் கயிறு கட்டுகிறார்கள். 2021இல் பாலிவாலுக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

பீகார் மாநிலம் பாகல்பூர் மாவட்டத்துத் தர்ஹரா கிராமத்திலும் இப்படி ஒரு வழக்கம் இருக்கிறது. பெண் குழந்தை பிறந்தால் குறைந்தது பத்து மரம் நடுகிறார்கள். மாமரம்தான் அதிகம். அந்தப் பழம் விற்ற காசு மகளின் படிப்புக்கும் கலியாணத்துக்கும் உதவுகிறது.

இந்த ஊர்களில் என்ன பார்க்கிறோம்? கன்றைக் கையில் கொடுத்துவிட்டு யாரும் போய்விடவில்லை. பார்த்துக்கொள்ள ஆளும் சேர்ந்து வருகிறது. ஓர் ஊரில் தாயும் தோழிகளும். இன்னோர் ஊரில் பெற்றோரின் கையெழுத்து. அதனால்தான் மரம் நிற்கிறது.

கன்று கொடுப்பவர் கவனத்துக்கு

கன்று கொடுக்க நினைத்தால் இவற்றை மனதில் வையுங்கள்.

முதலில் இடத்தைக் கேளுங்கள். நிலம் இருந்தால் வேம்பு, புங்கன், நாவல் கொடுக்கலாம். வீட்டுப் பின்பக்கம் கொஞ்சம் இடம் இருந்தால் முருங்கை, கொய்யா, எலுமிச்சை போதும். தொட்டிதான் வைக்க முடியும் என்றால் துளசி, கற்பூரவல்லி கொடுங்கள். இடமே இல்லை என்றால் கன்று வேண்டாம். வேறு பரிசு யோசியுங்கள்.

மழைக்கு முன்னால் கொடுத்தால் கன்று எளிதாகப் பிடிக்கும். கோடையில் கொடுத்தால் தினமும் தண்ணீர் வேண்டும்.

நடும்போது கன்று இருக்கும் பிளாஸ்டிக் பையைக் கிழித்து எடுக்க வேண்டும். வேரைச் சுற்றிய மண் உதிரக் கூடாது. ஆடு மேயாமல் இருக்க முள் கட்ட வேண்டும்.

முடிந்தால் நீங்களே போய் நட்டுக் கொடுங்கள். அடுத்த முறை அந்த வீட்டுக்குப் போகும்போது, "கன்று எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியே ஒரு குடம் தண்ணீர் மாதிரி.

கையெழுத்தும் பரிசுதான்

கடைசியாக ஒரு பரிசு. அதற்குக் கடைக்குப் போக வேண்டாம்.

இங்கே உட்கார்ந்திருக்கும் பலர் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டவர்கள். வாழ்த்து அட்டையில் யாரோ அச்சடித்த வரி இருக்கும். அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். உங்கள் கையால் நான்கு வரி எழுதுங்கள். மகள் பெயரை எழுதுங்கள். அவள் பிறந்த அன்று மழை பெய்ததா, அவள் முதலில் பேசிய சொல் எது, அதை எழுதுங்கள். எழுத்து கோணலாக இருக்கலாம். பிழை இருக்கலாம். அதனால் ஒன்றும் குறையாது. "இது என் அம்மா எழுதியது" என்று அவள் பெட்டியில் மடித்து வைத்துக்கொள்வாள்.

எளிதாகப் படிக்கக்கூடிய ஒரு புத்தகமும் சேர்த்துக் கொடுங்கள். பழைய வேட்டியிலோ சேலைத் துண்டிலோ சுற்றிக் கொடுங்கள். துணியை அவிழ்த்துப் பிறகு வேறு எதற்காவது பயன்படுத்திக்கொள்வார்கள்.

அடுத்த விசேஷம் எந்த வீட்டில்? யாருக்கு என்ன கொடுக்கப் போகிறோம்? இன்று வீட்டுக்குப் போனதும் இதைப் பற்றிப் பேசுங்கள்.



கலந்து பேசுங்கள்

1. உங்கள் வீட்டில் கடைசியாக நடந்த விசேஷத்துக்கு வந்த பரிசுகளில் எவை இன்னும் பயன்படுகின்றன? எவை குப்பைக்குப் போயின?
2. பிப்லாந்திரியில் பெற்றோரிடம் ஏன் கையெழுத்து வாங்குகிறார்கள்?
3. உங்கள் ஊர்க் கலியாணங்களில் மரம் நட முடிவு செய்தால் எங்கே நடலாம்? யார் தண்ணீர் ஊற்றுவார்கள்?
4. நீங்கள் அன்பு வைத்திருக்கும் ஒருவருக்கு நான்கு வரி வாழ்த்து எழுதுங்கள். அதைக் குழுவில் படித்துக் காட்டுங்கள்.